கவிழ்த்து வைத்த டம்ளர்

பேசுகிறார். கதவு சாத்தியிருக்கிறது, ஆனாலும் அடியில் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி, அதன் வழியாக அவர் குரல் வந்துகொண்டே இருக்கிறது. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை, ஒவ்வொரு பேச்சின் வாலிலும் தொங்குகிற அந்த 'ங்க' மட்டும் சுத்தமாகக் கேட்கிறது. ஆமாங்க, இல்லைங்க, பாத்தீங்கன்னாங்க. கோர்ட்டு மாடியில், சமரச தீர்வு மையம் என்று பச்சைப் போர்டு மாட்டிய வராந்தாவில், ஒரு பக்கம் ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என் புருஷன் பேசுவதை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் புருஷன்தான், அந்த வார்த்தையை மாற்றத்தான் வந்திருக்கிறோம். இந்தக் குரலுக்காக நான் சமையல்கட்டில் எத்தனை நாள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன், சோறு போடு என்றாவது, இந்தக் கதவைச் சாத்து என்றாவது சொல்ல மாட்டாரா என்று. இப்போது யாரோ ஒரு வக்கீலம்மாவிடம் திறந்துவிட்ட குழாய் மாதிரி கொட்டுகிறது. சிரிப்பு வருகிறது. பயத்திலும் எனக்குச் சிரிப்பு வரும், அது என்கூடவே பிறந்த கோளாறு. ஆனால் விரல்கள் சில்லிட்டுப் போயிருக்கின்றன. நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள், பயந்தவர்களுக்கு நரம்பு உள்ளே ஒளிந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும், தட்டித் தட்டித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். கையை இறுக்கி மூடுங்க, பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் என்று நாளெல்லாம் ஊருக்குச் சொல்கிறேன். இப்போது என் கையை இறுக்கி மூடி நானே பார்க்கிறேன், நரம்பு தெரியவில்லை.

என்ன பேசுவார் என்று தெரியும். அதுதான் பயம். திட்டினால் பயமில்லை, பொய் சொன்னால்கூடப் பயமில்லை. மன்னிப்புக் கேட்பார். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, தப்பு எம்மேலதானுங்க, மன்னிச்சிருங்க என்பார். பூபதி மன்னிப்புக் கேட்டு மன்னிக்காத மனுஷன் இன்னும் பிறக்கவில்லை. மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறவர், உள்ளே கம்பிச்சுருள் புகைந்து போன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கோபமாக வருகிறவர்கள்கூட அவர் பேச்சில் டீ குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள். முதல் பஞ்சாயத்து பெரியப்பா வீட்டில் நடந்தபோது அப்படித்தான் கையைக் கூப்பினார். பெரியப்பா என்னைப் பார்த்து, அவரே எறங்கி வந்துட்டாரு, இதுக்கு மேல என்ன அம்மிணி வேணும் உனக்கு என்றார். என் பையைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டார்கள். கார் எங்கள் தெரு திரும்புகிற வரைக்கும் அவர் டிரைவரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். வாசற்படி தாண்டியதும் பேச்சு நின்றுபோனது. அப்புறம் அந்த வருஷத்துப் பொங்கல் வரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவது பஞ்சாயத்து குலதெய்வக் கோயில் மண்டபத்தில். அடிச்சாரா என்று கேட்டார்கள், இல்லைங்க என்றேன். குடிச்சாரா, இல்லைங்க. வேற சகவாசம் ஏதாச்சும், இல்லைங்க. அப்புறம் என்னதான் பண்ணினாரு? பேச மாட்டேங்கறாருங்க என்றேன். மண்டபமே சிரித்தது. பேசாத புருஷனா, எங்கூட்டுக்காரி கேட்டா எனக்குக் குடுத்துருங்கன்னு வாங்கிக்குவா என்றார் ஒருத்தர். நானும் சேர்ந்து சிரித்தேன், அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு எரிகிறது. அப்புறம் மறுபடியும் கைகூப்பல், மறுபடியும் பை, மறுபடியும் கார். சமரசமாப் போயிடுங்க, சமரசமாப் போயிடுங்க என்று எல்லோரும் திருநீறு பூசி அனுப்பினார்கள். அந்த வார்த்தையைத்தான் இந்தப் போர்டில் இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். ஜட்ஜ் ஐயா சமரசத்துக்கு அனுப்புகிறேன் என்று சொன்னபோது எனக்குக் காது அடைத்துக்கொண்டது. விவாகரத்துக் கேட்டு வந்தவளை மறுபடியும் பஞ்சாயத்துக்கே அனுப்புகிறார்கள், இந்த முறை சர்க்கார் செலவில்.

உள்ளே இருக்கிற அந்த வக்கீலம்மா, ரெஜினா மேடம், நல்ல மாதிரிதான். அதுவும் ஒரு பயம், நல்ல மாதிரி ஆட்கள்தான் சேர்த்து வைப்பார்கள். முதல் நாள் எங்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து நிறைய விளக்கினார், நான் தீர்ப்புச் சொல்கிறவள் இல்லை, நீங்களே பேசி முடிவுக்கு வர வேண்டும் என்று ஏதோ சொன்னார். எனக்கு அவர் உதடு அசைந்தது தெரிந்தது, அவ்வளவுதான். போன தடவை எங்கள் மகள் நேத்ராவின் பள்ளிக்கூடம் மாற வேண்டாம் என்று பேச்சு வந்தது, பூபதி சரிங்க என்றார், நானும் சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் இருக்கட்டும் என்று வந்தது, அதற்கும் இரண்டு பேரும் தலையாட்டினோம். ரெஜினா மேடம் முகம் மலர்ந்து, பாருங்க, உங்க ரெண்டு பேருக்கும் ஒத்து வருது என்றார். ஒத்து வருது. ஒத்து வருகிறவர்கள் எதற்குப் பிரிய வேண்டும், அடுத்தது அதைத்தானே கேட்பார்கள். முடியாதுங்க, ஞாயித்துக்கிழமை முடியாது, எதுவுமே முடியாது என்று எழுந்துவிட்டேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் இந்தப் பெண்ணுக்கு என்னதான் வேண்டும் என்று இருந்தது. பெரியப்பாவின் அதே கேள்வி. இன்றைக்குக் காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினபோதும் எல்லாவற்றுக்கும் முடியாது என்றேன். இன்றைக்கும் முடியவில்லை என்றால் கேஸ் கோர்ட்டுக்கே திரும்பிப் போகும், சாட்சி, குறுக்கு விசாரணை என்று வருஷக்கணக்கில் இழுக்கும் என்று சொன்னார். இழுக்கட்டும். ஆனால் இழுக்கிற வரைக்கும் நேத்ரா என்ன ஆவாள் என்று நினைத்ததும் வாய் காய்ந்துவிட்டது. மூலையில் தண்ணீர் கேன் இருக்கிறது, எழுந்து போய்க் குடிக்கலாம், ஆனால் அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்துவிட்டால், நான் இல்லாதபோது அவர்கள் ஏதாவது முடிவு பண்ணிவிட்டால். நான் என்ன பச்சைக் குழந்தையா, கையெழுத்துப் போடாமல் யார் முடிவு பண்ண முடியும். இருந்தாலும் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கேனுக்கு மேலே எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கிறது. அதைப் பார்க்க வேண்டாம்.

பார்க்க வேண்டாம் என்றால் கண் அங்கேதான் போகும். டம்ளரைக் கவிழ்ப்பதுதான் என் புருஷனுடைய மொழி. தண்ணீர் குடித்துவிட்டு, டம்ளரைத் தட்டுக்குப் பக்கத்தில் தலைகீழாக வைப்பார், ணங் என்றுகூடச் சத்தம் வராது, மெதுவாக, மரியாதையாக. வைத்துவிட்டால் பேச்சு நின்றது என்று அர்த்தம். கல்யாணமான முதல் ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனவள், காய்ச்சல் என்று ஒரு நாள் தாமதித்துத் திரும்பினேன். சாப்பிட்டு முடித்து டம்ளரைக் கவிழ்த்தார். ஆடியில் நின்ற பேச்சு, தீபாவளிக்குப் புது வேட்டி கட்டின காலையில், எண்ணெய் எங்க வெச்சே என்று திரும்ப வந்தது. நடுவில் எதுவுமே நடக்காத மாதிரி. அதற்குள் நான் தேய்ந்து போயிருந்தேன். ஒரு நாள் தாமதமா காரணம், இல்லை வந்ததும் அவங்க அம்மாவுக்கு முதலில் காபி கொடுத்ததா, இல்லை அன்றைக்குப் புளிக்குழம்பா. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டு, நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனாங்க, நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டனாங்க என்று பின்னாலேயே அலைவேன். அவர் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்ப்பார். கோபமாகக்கூட இல்லை, நான் அங்கே நிற்கவில்லை என்பது போல. அதில் ஒரு கட்டத்துக்கு மேல் நான் நிற்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்து, குளியலறைக்குள் போய் என் பெயரை நானே கூப்பிட்டுப் பார்ப்பேன். கோகிலவாணி. கோகிலவாணி. எதிரொலி வந்தது, அந்த மட்டும் நல்லது. என் மாமியார் இதைப் பெருமையாகச் சொல்லுவார், அவங்கய்யன் எங்கிட்டப் பேசாம எத்தனையோ வருசம் இருந்திருக்கறாரு, நான் குடும்பம் நடத்தலையா என்று. அப்படியானால் அவரும் ஒரு வீட்டில் சின்னப் பையனாக உட்கார்ந்து கவிழ்ந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு சோறு தின்றிருப்பார். பாவம் என்று தோன்றும், தோன்றிய உடனே பயமாக இருக்கும். பாவம் பார்த்துப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் ஓடியது.

நேத்ராவுக்குப் பேச்சு வந்ததும் அவருக்கு வசதியாகிவிட்டது. உங்கம்மாகிட்ட சட்டை எடுத்து வெக்கச் சொல்லு. உங்கம்மாகிட்ட நாளைக்கு வர லேட்டாகும்னு சொல்லு. நான் அதே அறையில் நிற்பேன். குழந்தை மூன்றடி நடந்து வந்து மழலையில் சொல்லும், அப்பாவிடம் திரும்பிப் போய், சொல்லிட்டேன் என்று சொல்லும். முதலில் அதற்கு அது விளையாட்டு. வளர வளர அது எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்தது, நான் கோபமாக ஏதாவது சொன்னால் அதைக் கொஞ்சம் மெதுவாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தது. அம்மா சரின்னு சொல்லிட்டாங்க என்று பொய் சொன்னது, சண்டை வரக் கூடாது என்று. இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. பிறகு ஒரு சாயங்காலம், என்ன காரணமென்று இன்றுவரை தெரியவில்லை, அவள் பாலைக் குடித்து முடித்துத் தன் சின்ன டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். மெதுவாக, சத்தம் வராமல். என்ன சாமி என்று கேட்டேன். என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை. கண் அவருடையது என்று ஊரே சொல்லும், ஆனால் பார்வையும் அவருடையதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, தரையில் உட்கார்ந்து, அம்மா ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டனா என்று கேட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் காதில் விழுந்தது. மறுநாள் பையை நானே எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த பிறகு நன்றாகத்தான் இருந்தாள், கத்துவாள், பாடுவாள், சண்டை போடுவாள். இன்றைக்குக் காலையில் மறுபடியும் கவிழ்த்துவிட்டாள். நான் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது சாப்பாட்டு மேஜையில் டம்ளர் தலைகீழாக இருந்தது, அவள் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். போய்ட்டு வர்றேன் கண்ணு என்றேன். லேஸைக் கட்டினாள். லீவு நாளில் எதற்கு ஷூ என்று கேட்கத் தோன்றவில்லை. பஸ்ஸில் ஏறியதிலிருந்து நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். ராத்திரி தோசை கருகியது. தலையை இழுத்துப் பின்னினேன். கதை சொல்லாமல் தூங்கிவிட்டேன். இல்லை, இது நான் பண்ணினது எதுவும் இல்லை, இது ரத்தத்தில் இருக்கிறது. ரத்தத்தில் இருந்தால் நான் பார்த்திருப்பேனே, நாளெல்லாம் ரத்தத்தைத்தானே பார்க்கிறேன். இல்லை, இது பார்த்துக் கற்றுக்கொள்வது, திரும்பவும் அந்த வீட்டுக்குப் போனால் முழுசாகக் கற்றுக்கொள்வாள், நாளைக்கு இவள் வீட்டில் இவள் பிள்ளை, நான் இருக்கவே மாட்டேன், ஆனாலும் அந்த டம்ளர்.

சிரிப்புச் சத்தம். உள்ளேயிருந்து. ரெஜினா மேடம் சிரிக்கிறார். அடக்கிக்கொண்ட சிரிப்பு இல்லை, மனசு விட்டுச் சிரிக்கிற சிரிப்பு. முடிந்தது. மண்டபம் சிரித்த மாதிரியே. டீ குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிற கோபக்காரர்கள் மாதிரியே. என்ன சொல்லியிருப்பார். என்னைப் பற்றியா. நான் ஒரு தடவை பேசச் சொல்லி அவர் முன்னால் பாத்திரத்தைப் போட்டு உடைத்தேனே, அதைச் சொல்லியிருப்பாரா, எவர்சில்வர் பாத்திரம் உடையாது, நசுங்கித்தான் போகும், அதை மறுபடியும் தட்டி நிமிர்த்தியதும் நான்தான். அப்படிச் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். இப்போது என்னைக் கூப்பிடுவார், பாவம்மா, நல்ல மனுஷன், ஒரு வாய்ப்புக் கொடும்மா என்பார். ஓடிவிடலாமா. படிக்கட்டு இதோ இருக்கிறது, கீழே வேப்பமரம், டைப் அடிக்கிறவர்கள், ஜெராக்ஸ் கடை, பஸ் ஸ்டாண்டு. ஓடிப் போனால் நேத்ராவை எங்கே கூட்டிக்கொண்டு போவேன். நினைக்கும்போதே கதவு திறந்தது. அவர் வெளியே வந்தார். நகக்கண்ணில் கிரீஸ் கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது, அந்த விரல்களைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, போங்க என்றார். எனக்கே 'ங்க'. உள்ளேயிருந்து மேடம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதால் கிடைத்தது அது.

உட்கார்ந்ததும் நானே கேட்டுவிட்டேன், என்னங்க மேடம் சொன்னாரு, சிரிச்சீங்களே என்று. அவர் சொன்னதை என்னிடம் சொல்ல முடியாது என்றார் ரெஜினா மேடம், அதே மாதிரி நான் சொல்வதையும் நான் அனுமதி கொடுக்காமல் அவரிடம் சொல்ல மாட்டாராம். முதல் நாளே சொன்னாராம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சமையல்கட்டில் பெரியம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னது அத்தனையும் மறுநாள் மண்டபத்தில் நாலு பேர் முன்னால் என் காதுக்கே திரும்பி வந்தது, குளியலறையில் பெயர் கூப்பிட்டதுகூட. ரெஜினா மேடம் பேனாவை மூடிக் கீழே வைத்தார். எழுதுவதில்லை என்று காட்டினார். ஒவ்வொன்றும் ஒத்து வருகிற நேரத்தில் நான் ஏன் பின்வாங்குகிறேன், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். நான் வெளியே போர்டு மாட்டியிருக்கிற திசையைக் காட்டினேன்.

"சமரசம் ஆயிடுச்சுன்னா அவரோட போகோணுமேங்க."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

"யாரும் உங்கள எங்கயும் அனுப்ப முடியாது, கோகிலவாணி. சேந்து போறதுக்கும் இங்க வரலாம், பிரியறதுக்கும் வரலாம். எப்படிப் பிரியறதுன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா அதுவும் சமரசந்தான். நீங்க பிரியணும்னுதான சொல்றீங்க?"

ஆமாங்க என்றேன். பிரியணுமா என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. சரி, அப்படியே பேசுவோம் என்றார், ஏதோ நான் ஜன்னலோர சீட்டுக் கேட்ட மாதிரி. எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. சமரசம் என்கிற இந்தப் பாழாய்ப் போன வார்த்தைக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் முடியாது முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுது முடித்த பிறகு எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று சொன்னேன். அதைச் சொல்ல ஆடியில் ஆரம்பித்து நேத்ராவின் டம்ளர் வரைக்கும் வர வேண்டியிருந்தது. இதை அவரிடம் சொல்லலாமா என்று அனுமதி கேட்டார். நானே சொல்லுகிறேன் என்றேன்.

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார், பக்கத்தில் தண்ணீர் ஜக், மூன்று டம்ளர். உட்கார்ந்ததும் கை கூப்பிவிட்டார். தப்பு எம்மேலதானுங்க, மன்னிச்சிருங்க என்றார், ரெஜினா மேடத்தைப் பார்த்து. பஞ்சாயத்தில் பையை ஏற்றின அந்தக் காரின் டிக்கி மூடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நல்லதுங்க, அது உங்க ரெண்டு பேருக்குள்ள, இப்ப ஞாயித்துக்கிழமை பாப்பாவ எங்க வந்து கூட்டிக்கறீங்க என்றார் மேடம். அவ்வளவுதான். கூப்பின கை எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, பிறகு மடிக்கு இறங்கியது. நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. நேத்ரா என்னோடு இருப்பாள், ஒத்து வருதுங்களா, வருதுங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கூட்டிப் போய் இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடுவார், ஒத்து வருதா, வருதுங்க. பள்ளிக்கூடத்து விழாவுக்கு இரண்டு பேருமே போகலாம். விவாகரத்தை இரண்டு பேருமாகச் சேர்ந்தே கேட்பது, நாங்கள் சேர்ந்து கேட்ட முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு ஒத்து வருதுக்கும் குனிந்து என் பையைப் பார்த்துக்கொண்டேன், அது எங்கும் போகவில்லை, என் காலடியிலேயே இருந்தது. கோகிலவாணி ஒரு விஷயம் கேக்கணுங்கறாங்க என்று மேடம் சொன்னார். பூபதியின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எங்கிட்டச் சொல்ல வேண்டியத எங்கிட்டயே சொல்லோணும். கொழந்தைகிட்டச் சொல்லி அனுப்பக் கூடாது. அவகிட்டயும் பேசாம இருக்கக் கூடாது. கோவமா இருந்தா கோவம்னு சொல்லோணும்."

ரெஜினா மேடம் அவர் பக்கம் திரும்பி, என்ன சொல்றீங்க என்றார். அவர் ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டார். குடித்தார். டம்ளரை மேஜையில் கவிழ்த்து வைத்தார், மெதுவாக, சத்தம் வராமல். மேடம் அதைப் பார்க்கவில்லை, எழுதுவதற்குப் பேனாவை எடுத்துக்கொண்டிருந்தார். பதிலுக்காகப் புன்சிரிப்போடு காத்திருந்தார். அவர் எங்கள் இரண்டு பேரையும் தாண்டிச் சுவரைப் பார்த்தார். மின்விசிறி சுற்றியது. மேடத்தின் புன்சிரிப்பு அப்படியே இருந்தது, பிறகு கொஞ்சம் தளர்ந்தது. கேட்டது புரியலீங்களா என்று மறுபடியும் சொன்னார். சுவர். நான் யாரிடமும் காட்ட முடியாத ஒன்றை இப்போது இந்த அறைக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறது போல இருந்தது, ஆனால் வைத்தவள் நானா அவரா என்று தெரியவில்லை, இது எப்போது நிற்கும் என்றும் தெரியவில்லை. பொங்கல் வரைக்கும் இங்கேயே மூன்று பேரும் உட்கார்ந்திருப்போமா. எனக்கு வாய் தானாகத் திறந்தது, வேண்டாங்க, விட்ருங்க, அதை எழுத வேண்டாம் என்று சொல்லிவிடப் போனேன், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மேடம் பேனாவைத் திறந்தார், மூடினார். கண்ணாடியைச் சரி பண்ணினார். முன்னால் இருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், அதில் தான் ஏதாவது தவறாக எழுதிவிட்டோமா என்பது போல. மேடம் கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது, எனக்கு அது நன்றாகத் தெரியும், அந்த நரம்பு. பிறகு ரெஜினா மேடம், இத்தனை வருஷமாக ஊரார் சண்டையைத் தீர்த்து வைக்கிற ரெஜினா மேடம், கொஞ்சம் முன்னால் குனிந்து, குரலைத் தணித்துக்கொண்டு அவரிடம் கேட்டார்.

"நான் ஏதாச்சும் தப்பாக் கேட்டுட்டனாங்க?"

கேட்டுவிட்டு மேடம் அப்படியே அசையாமல் இருந்துவிட்டார். அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். சற்று முன்புதான் இதே அறையில் என்னுடைய இந்த வாக்கியத்தை நான் அவரிடம் சொல்லிக் காட்டியிருந்தேன். அவர் முகத்தில் என் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பயம் போகவில்லை, ஆனால் அந்தப் பயத்துக்குள் இன்னொரு ஆளும் வந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு இத்தனை காலம் யாரும் சொல்லாத ஒன்றை நான் அவருக்குச் சொன்னேன்.

"இல்லைங்க மேடம். நீங்க ஒண்ணும் தப்பாக் கேக்கல."

அவர் தலையசைத்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார், பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம் பூபதி, எங்களுக்கு அவசரமில்ல, பதில வாயால சொல்லுங்க என்றார், கோபம் இல்லாமல். மறுபடியும் மின்விசிறி. ஆனால் இந்த முறை அந்த மௌனத்தைத் தூக்கிக்கொண்டு நிற்க இரண்டு பேர் இருந்தோம், நான் பேச்சுக் கொடுக்கவில்லை, எந்தத் தப்பையும் தேடவில்லை, தேடாமல் இருப்பது மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. அவர் பார்வை சுவரிலிருந்து இறங்கி டம்ளருக்கு வந்தது. ஒரு நிமிஷம் அவரும் பயந்த மாதிரி தெரிந்தது, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு சின்னப் பையன் மாதிரி. எழுதிக்கங்க என்றார் கடைசியில். அவங்ககிட்டயே சொல்லுங்க என்று மேடம் சொன்னார். பூபதி என் தோளுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்து, சரி என்றார். 'ங்க' இல்லை. வெறும் சரி. நான் வேண்டி வேண்டிக் கிடந்த குரல் அதுதான், வீட்டுக்குள் பேசுகிற குரல், பிரிகிற நாளில் வந்து சேர்ந்தது.

கையெழுத்துப் போடும்போது என் விரல் இன்னும் சில்லென்றுதான் இருந்தது. படிக்கட்டில் இறங்கி வந்தேன். அவர் பைக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது, சத்தம் தேய்கிற வரைக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயம் முடிந்துவிட்டது என்று நினைத்து மூச்சு விடுவதற்குள் இன்னொன்று வந்து நின்றது. காகிதத்தில் அவரைச் சரி சொல்ல வைத்தாகிவிட்டது. வீட்டில் மேஜை மேல் ஒரு சின்ன டம்ளர் இருக்கிறதே, அதற்கு எந்த மேடம். போனை எடுத்தேன். அம்மா எடுத்து, என்ன ஆச்சு, சேத்தி வெச்சுட்டாங்களா என்று படபடத்தார். இல்லம்மா, முடிஞ்சுது, அப்புறம் சொல்றேன், நேத்ராகிட்டக் குடு என்றேன். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசல, வாசலையே பாத்துட்டு ஷூவக்கூடக் கழட்டாம உக்காந்திருக்கறா என்றார். போன் கை மாறியது. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நேத்ரா என்றேன். மூச்சு. சாமி என்றேன். மூச்சு. அந்த மூச்சுக்குப் பின்னால் சுவரைப் பார்க்கிற கண் எனக்குத் தெரிந்தது. அம்மா ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டனா என்பது வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டது, எப்போதும் போல, பழகின நாய் மாதிரி. அதை விழுங்கினேன். படியில் உட்கார்ந்துகொண்டேன். ஏறி வருகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"அம்மா போனை வெக்க மாட்டேன் கண்ணு. கோவமா இருந்தா கோவம்னு வாயத் தொறந்து சொல்லு. சொன்னா ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாது என்று அவளிடம் சொன்னேன், எனக்கே முழுசாக நம்பிக்கை இல்லை. ரொம்ப நேரம் எதுவும் வரவில்லை. கீழே டைப்ரைட்டர் தட்டிக்கொண்டிருந்தது, ஜெராக்ஸ் கடைக்காரர் யாரையோ கூப்பிட்டார். கை வலித்தது, போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன், மாற்றுகிற நேரத்தில் ஏதாவது சொல்லி நான் கேட்காமல் போய்விட்டேனோ என்று பயந்தேன். அப்புறம் வந்தது, கரகரப்பாக, காலையிலிருந்து உபயோகிக்காத குரல்.

"கோவம்."

சரி என்றேன், போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நீ லீவன்னிக்கு என்னைய பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னே. நான் ஷூவெல்லாம் போட்டுட்டேன். நீ புடவ கட்டிட்டு வேற எங்கயோ போயிட்டே. எனக்குப் பயங்கரக் கோவம்."

போன வாரம் சொல்லியிருக்கிறேன். சுத்தமாக மறந்துவிட்டேன். இவ்வளவுதானா. ஒரு பார்க்கு. காரணம் என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவு சின்னதாக, கையில் பிடிக்கிற மாதிரி இருக்குமா. ஆடியிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேனே, ஒரு தடவைகூட யாரும் எனக்குச் சொன்னதில்லையே. கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தேன், படியேறி வந்த வக்கீல் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்னும் சத்தமாச் சொல்லு சாமி என்றேன். சொன்னாள்.